கவிழ்த்து வைத்த தம்ளர்

மாசிலாமணி சார் கேட்ட முதல் கேள்வியே சோற்றைப் பற்றித்தான்.

நிலநடுக்க மீட்புப் பயிற்சி அது. பதினான்கு நாள். கோயம்புத்தூருக்கு வெளியே, மூடிக் கிடந்த ஒரு மில் வளாகத்தில் நடந்தது. தீயணைப்புத் துறை, மாநகராட்சி, மின்வாரியம் என்று பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். நான் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். எல்லோருக்கும் ‘சிஸ்டர்’. “இங்க எங்க பூகம்பம் வரப்போகுது, வெயில்தான் வரும்” என்று புலம்பிக்கொண்டே போனவள்.

மாசிலாமணி சார் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தீயணைப்பு நிலைய அதிகாரி. ஐம்பத்திரண்டு வயது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பியூலா மேடத்துக்கு முப்பத்திமூன்று.

“எம் பெரிய பொண்ணை விட நாலு வயசு மூப்பு, அவ்வளவுதான்” என்று முதல் நாள் காலையிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்.

“அப்ப நல்லா கேள்வி கேளுங்க சார். பொண்ணுகிட்ட கேக்குறதுக்கு என்ன கூச்சம்?” என்றார் மேடம்.

வளாகத்தின் நடுவில் பயிற்சிக்கென்றே ஒரு வீட்டை இடித்து வைத்திருந்தார்கள். உடைந்த தளங்கள், சாய்ந்த தூண்கள், அடியில் ஆள் படுக்கிற அளவுக்குப் பொந்துகள். தினமும் காலையில் யாராவது போய் உள்ளே படுத்துக்கொள்வார்கள். எத்தனை பேர், எந்தப் பொந்தில் என்று எங்களுக்குத் தெரியாது. சில நாள் ஒருவருமே இருக்க மாட்டார்கள். நாங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் மதியம் வேர்த்து விறுவிறுத்து வந்து தட்டைத் தூக்கினோம். சமையல்காரர் ராமாத்தாக்கா கரண்டியை நீட்டித் தடுத்தார்.

“இருங்க சாமி. கீழ கெடந்தவருக்குத்தான் முதல் தட்டு.”

அன்றைக்குக் கீழே கிடந்தவர் ஜமால் என்கிற ஆட்டோக்காரர். சம்பளமில்லாமல் உதவிக்கு வருபவர். ஒன்றரை மணி நேரம் நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, ராஜா மாதிரி வந்து முதல் தட்டை வாங்கினார்.

மாசிலாமணி சாருக்குப் பொறுக்கவில்லை. “மேடம், இது என்னங்க நியாயம்? வெயில்ல வெந்தது நாங்க. படுத்துக் கெடந்தவருக்கு முதல் மரியாதையா?”

“நாம வருவோம்னு நம்பிப் படுத்திருந்தாரே சார். அதுக்கு ஒரு நன்றி வேண்டாமா?”

“ரெண்டு பேரு படுத்திருந்தா?”

அதற்கு ராமாத்தாக்காவே பதில் சொல்லிவிட்டார். “யாரு ரொம்ப நேரம் கெடந்தாங்களோ அவங்களுக்கு மொதல்ல. எத்தனை பேரு உள்ள போயிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். போறவங்க அவங்கவங்க தம்ளரை எங்கிட்ட கவுத்தி வெச்சுட்டுத்தான் போகோணும். எல்லாத் தம்ளரும் நிமிர்ந்தாத்தான் உங்களுக்குச் சோறு.”

“சாப்பாட்டுக்கு இவ்வளவு சட்டமா?” என்று மாசிலாமணி சார் முணுமுணுத்தார். பிறகு மூன்று தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். அது வேறு விஷயம்.

ஆள் நல்ல கெட்டிக்காரர். கயிறு, ஏணி, ஜாக்கி எதைக் கொடுத்தாலும் அவர் கை பேசும். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு வரவில்லை. சும்மா இருப்பது.

இடிபாட்டில் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் குரல் கொடுக்க வேண்டும். பிறகு சுத்தியலால் தளத்தில் மூன்று தட்டு. அப்புறம் குழுத் தலைவர் கையைத் தூக்குவார். ஜெனரேட்டர் நிற்கும், பேச்சு நிற்கும், நடை நிற்கும். அவரவர் இடத்தில் காதை வைத்து ஒரு முழு நிமிஷம் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கத்தச் சத்து இருக்காது. நகத்தால் சுரண்டுவார், கல்லால் தட்டுவார். அது கேட்க வேண்டும். அதற்குப் பெயர் மௌன நிமிஷம்.

அந்த நிமிஷத்தில் மாசிலாமணி சார் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! தொண்டையைச் செருமுவார். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார். ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டுவார்.

“சார், உங்க கை ஏன் சும்மா இருக்க மாட்டேங்குது?” என்று மேடம் ஒரு நாள் கேட்டார்.

“வேலை செஞ்சு பழகின கைங்க.”

மேடம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாசிலாமணி சார் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். இரண்டாம் நாள் கேட்டார், ஐந்தாம் நாள் கேட்டார், ஏழாம் நாளும் கேட்டார்.

“மேடம், இடிபாட்டுக்குள்ள ஒரு மனுசன் எத்தனை நாள் உயிரோட இருப்பான்?”

“மூணு நாள், நாலு நாள் இருக்கலாம் சார். கொஞ்சம் தண்ணி கிடைச்சா அதுக்கு மேலயும்.”

மூன்று தடவையும் ஒரே பதில்தான். மூன்று தடவையும் அன்றைக்கு அவர் பாதித் தட்டோடு எழுந்து போனார். எனக்கு அது உறுத்தியது. நர்ஸ் கண் இல்லையா, தட்டில் மீந்ததைப் பார்த்துத்தானே பழக்கம்.

ஒன்பதாம் நாள். சித்திரை வெயில் பிளந்தது. மேடத்தோடு கூட இருந்து பயிற்சி தரும் உதவியாளர் தன் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். எங்கள் ஆறு பேர் குழுவுக்கு அன்றைக்கு மாசிலாமணி சார்தான் தலைவர். பயிற்சியில் அவர் தேறினால்தான் அவர் ஊருக்கென்று ஒரு மீட்புக் குழு அமையும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் ஓட்டமாய் ஓடினோம்.

பத்தரை மணிக்கு உள்ளே இறங்கினோம். ஜமாலைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். மற்ற பொந்துகள் எல்லாம் காலி. கடைசியாக, தெற்கு மூலை. குரல் கொடுத்தாயிற்று. மூன்று தட்டும் தட்டியாயிற்று. சார் கையைத் தூக்கினார். மௌனம்.

தேடி முடித்த இடத்தில் சுவரில் ஸ்ப்ரே பெயின்ட்டால் அடையாளம் போட வேண்டும். உள்ளே ஒருவரும் இல்லை என்றால் ஒரு பெரிய பூஜ்யம். கீழே நேரம், அதற்குக் கீழே தலைவரின் பெயர். ‘முட்டை’ என்போம் அதை. முட்டை விழுந்த இடத்தில் அதற்குப் பிறகு எவரும் தேட மாட்டார்கள். ஜேசிபி வந்து கல்லை அள்ளும். “அந்த ஒரு பூஜ்யத்தைப் போட ஆயிரம் தடவை யோசிக்கணும்” என்று மேடம் தினமும் சொல்வார்.

தெற்கு மூலையில் காது வைக்க வேண்டியவர் மாசிலாமணி சார். பத்து விநாடி நின்றார். பிறகு அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்தார். மௌன நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரில் ‘உஸ்ஸ்ஸ்’ என்று முட்டை போட்டார். நேரம் எழுதினார். பெயரும் எழுதினார். நிமிஷம் முடியவும் எழுத்து முடியவும் சரியாக இருந்தது.

நான் பார்த்தேன். மற்ற நால்வரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மௌன நிமிஷம் அல்லவா! இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“பதினொண்ணே முக்காலுக்கே முடிச்சுட்டோம் பாத்தீங்களா சிஸ்டர்?” என்று சிரித்தார்.

“சூப்பர் சார்” என்றேன் நானும்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஜமாலின் தம்ளரை ராமாத்தாக்கா நிமிர்த்தி வைத்து, அவருக்கு முதல் தட்டைக் கொடுத்தார். நாங்கள் எழுந்து வரிசையில் நின்றோம். கரண்டி அசையவில்லை.

“இன்னொருத்தரு எங்க?” என்றார்.

“எந்த இன்னொருத்தர்?”

“ரெண்டு தம்ளரு கவுந்திருக்குதுங்க. ஒருத்தருதான் வந்திருக்காரு.”

மாசிலாமணி சார் பசியில் இருந்தார். “அது நேத்து வெச்சதா இருக்குமுங்க. போடுங்கக்கா சோத்தை.”

“நேத்துத் தம்ளரைக் கழுவாம வெச்சிருந்தேங்கறீங்களா? பதினோரு வருசமா இந்த அடுப்படி எங்கைல இருக்குது சார்!”

அக்கா கோபத்தில் அந்தத் தம்ளரைக் கொண்டுவந்து மேஜையில் நங்கென்று கவிழ்த்து வைத்தார். பழைய எவர்சில்வர் தம்ளர். பக்கவாட்டில் பெயர் வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவார்களே, அந்த மாதிரி புள்ளி புள்ளியாக.

சார் குனிந்து படித்தார். ‘செ. பியூலா.’

“மேடம் ஆபீஸ்லதானே இருக்காங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

அதே நேரம் வெளியே ஜேசிபி உறுமியது. மதியப் பயிற்சிக்காகக் கல்லை மாற்றி அடுக்க ஒன்றே காலுக்கு அது வரும். டிரைவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். முட்டை போட்டிருந்தால் அள்ளலாம்.

ஐம்பத்திரண்டு வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். நாங்கள் பின்னால் ஓடினோம். ஜேசிபியின் கை தெற்கு மூலைக்கு மேலே தூக்கி நின்றது. அவர் அதற்கு நேர் கீழே போய் நின்றார்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையை மட்டும் தூக்கினார்.

டிரைவர் இஞ்சினை அணைத்தார். நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம். மாசிலாமணி சார் சுடுகிற கான்கிரீட்டில் மண்டியிட்டு, கன்னத்தை அப்படியே வைத்துக் காதைக் கொடுத்தார். கை இரண்டும் தரையில் விரிந்து கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. யாரும் மூச்சு விடவில்லை.

மூன்றாவது நிமிஷத்தில் எனக்கே கேட்டது. டக். டக். டக்.

“இருக்காங்க” என்றார். குரல் உடைந்து போயிருந்தது. “மேடம்! நாங்க வந்துட்டோம். இங்கயேதான் இருக்கோம். போக மாட்டோம்.”

பிறகுதான் நடந்தது விளங்கியது. உதவியாளர் லீவு என்பதால் ஜமால் படுத்த பிறகு மேடமே இரண்டாவது ஆளாக உள்ளே இறங்கியிருக்கிறார். படுத்த கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தளம் அரையடி சரிந்து, வாசலை அடைத்துக்கொண்டது. ஒரு பாதம் மாட்டிக்கொண்டது. வாக்கி டாக்கி கைக்கு எட்டாத இடுக்கில் விழுந்துவிட்டது. கத்தினது கல்லைத் தாண்டி வெளியே வரவில்லை. கையில் மிஞ்சியது ஒரு துண்டுச் செங்கல்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பசியும் தெரியவில்லை, வெயிலும் தெரியவில்லை. ஒன்பது நாள் படித்ததெல்லாம் கைக்கு வந்தது. ஒரு அங்குலம் தூக்கினால் ஒரு கட்டை வை என்பது மேடத்தின் பாடம். ஜாக்கி ஒரு அங்குலம் ஏறும், கட்டை உள்ளே போகும். மறுபடி ஒரு அங்குலம், மறுபடி ஒரு கட்டை. அவசரப்பட்ட மின்வாரியத்துத் தம்பி ஒருவரை மாசிலாமணி சார், “பொறுப்பா, பொறு, மேல ஏத்தறது பெருசில்ல, எறங்காம வெக்கறதுதான் பெருசு” என்று அடக்கினார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார். கேட்டார். டக் டக் டக் என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த கட்டை.

இரண்டரை மணிக்கு மேடத்தை வெளியே எடுத்தோம். முகமெல்லாம் சிமென்ட் தூசி. பாதம் வீங்கியிருந்தது. நான் நாடி பிடித்துப் பார்த்தேன். ஒழுங்காக ஓடியது. எலும்பு முறியவில்லை. கர்த்தரோ கருப்பராயனோ, யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு என்று மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.

மேடம் தண்ணீர் குடித்தார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்துப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். டிரைவருக்கும் சொன்னார். கடைசியாக, “மாசிலாமணி சார், ரொம்ப நன்றி” என்றார்.

சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்னைத் திட்டுங்க மேடம். ஊருக்குத் திருப்பி அனுப்புங்க. நன்றி மட்டும் சொல்லாதீங்க.”

“ஏன்?”

“நான்தான் முட்டை போட்டேன்.”

“தெரியும். உஸ்ஸுன்னு கேட்டுது.”

“அப்ப நீங்க தட்டிட்டு இருந்தீங்களா?”

“ஆமா சார். பெயின்ட் சத்தம் கேட்டதும் நிறுத்திட்டேன். கை வலிக்குது, தெம்பைச் சேர்த்து வைக்கலாம்னு.”

“திரும்பி வருவோம்னு நெனச்சீங்களா?”

“ராமாத்தாக்கா இருக்காங்களே.”

அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பேச்சு அப்புறம். மொதல்ல எந்திரிச்சு வந்து சாப்பிடுங்க எல்லாரும்.”

மேடத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் மேஜையில் உட்கார வைத்தோம். அந்தத் தம்ளர் இன்னும் கவிழ்ந்தபடியே இருந்தது. அக்கா முதல் தட்டைக் கொண்டுவந்து மேடத்தின் முன்னால் வைத்தார். சோறு, கீரை, ஒரு அப்பளம். நாங்கள் வரிசையில் நின்றோம். மாசிலாமணி சார் மட்டும் வாசலிலேயே நின்றார்.

“வாங்க சார். இப்படி எதிர்ல உட்காருங்க.”

வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்க்காமல் பேசினார்.

“மூணு வருசம் ஆச்சு மேடம். எங்க ஊர்ல கட்டிட்டு இருந்த ஒரு லாட்ஜ் இடிஞ்சுது. இருபது நிமிசம் தேடினேன். கூட்டம், சத்தம், மழை. உள்ள ஆள் இல்லைன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். மூணாம் நாளு கல்லை அள்றப்போ ஒருத்தர் கெடைச்சாரு. செங்கோடன்னு ஒரு கொத்தனாரு. வேலை கேட்டு அன்னைக்குத்தான் வந்தவரு, அதனால யாரும் தேடலை.”

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

“கையில சாந்துக் கரண்டி இருந்துச்சு. அதோட கட்டைப் பிடி சிதைஞ்சு நாராப் போயிருந்துச்சு மேடம். தட்டித் தட்டி.”

மேடம் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“யாருகிட்டயும் சொன்னதில்ல. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. சும்மா ஒரு நிமிசம் இருந்தா எனக்கு அது கேக்கும். டக் டக்குன்னு. அதான் கையை ஆட்டிட்டே இருக்கேன். இன்னைக்கும் நீங்க தட்டினப்போ மொதல்ல அவருன்னுதான் நெனச்சேன்.”

“அப்புறம்?”

“அவரா இருந்தாலும் சரி, எந்திரிக்கக் கூடாதுன்னு அப்படியே கெடந்தேன்.”

அவர் அழுதார். ஆம்பளை அழுகை, சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. ஒன்பது நாளாக அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டியதைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

“மேடம்,” என்றார், “அந்தச் செங்கோடனுக்கு நான் என்ன செய்யட்டும்?”

மேடம் கவிழ்ந்திருந்த தன் தம்ளரை எடுத்து நிமிர்த்தினார். ஜாடியிலிருந்து மோரை ஊற்றி அவர் கைப்பக்கம் வைத்தார். பிறகு தன் முன்னால் இருந்த தட்டை இரண்டு கையாலும் மெல்லத் தள்ளி அவர் முன்னால் நிறுத்தினார்.

சார் பதறிப்போனார். “ஐயோ மேடம், இது முதல் தட்டுங்க. கீழ கெடந்தவங்களுக்குங்க.”

“நான் நாலு மணி நேரம்தான் சார் கெடந்தேன். உங்களுக்கு மூணு வருசம் ஆச்சே.”